புத்தகத்தில் செயல்திறன் 78.5% என்று இருக்கிறது. என் கைபேசி பவர் ஆம்ப்ளிஃபையர் (சிக்னலைப் பெருக்கி ஆன்டெனாவுக்கு அனுப்பும் சிப்) ஏன் 45 சதவீதத்தைத் தாண்டவில்லை?

எம்.இ. ப்ராஜெக்ட் செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டாலும் பதில் இதுதான். அந்த 78.5% பி வகுப்பு ஆம்ப்ளிஃபையருக்கு, அதாவது டிரான்சிஸ்டர் அலையின் பாதி நேரம் மட்டும் ஓடும் வகைக்கு, எதிலும் இழப்பே இல்லை என்று வைத்துப் போட்ட கணக்கு.

பேட்டரி கொடுப்பது 3.5 வோல்ட் சொச்சம். டிரான்சிஸ்டர் தனக்கென்று அரை வோல்ட் வைத்துக்கொள்ளும். மிச்சமுள்ள 3 வோல்ட்டில் ஜிஎஸ்எம்-முக்கு, அதாவது 2ஜி-க்கு, 2 வாட் எடுக்க, அது 2.25 ஓம் லோடைப் பார்க்க வேண்டும். ஆன்டெனா பக்கமோ 50 ஓம். நடுவில் இந்த இரண்டையும் பொருத்தும் மேட்சிங் சர்க்யூட்டில் 0.2 ஓம் ஒளிந்திருந்தாலே 8, 9 சதவீதம் அங்கேயே சூடாகிப் போகும்.

பெங்களூரில் வேலை பார்த்தபோது இதே பஞ்சாயத்து வந்தது. சிப்பையே மாற்ற வேண்டும் என்று மேலே ஒருவர் முடிவு கட்டிவிட்டார். நான் கேட்டது ஒன்றுதான்: வோல்ட்டேஜை எங்கே அளந்தீர்கள்? சப்ளை பெட்டியின் டிஸ்ப்ளேயிலாம்! ஒன்றரை ஆம்பியர் ஓடும்போது ஒயரில் 0.1 ஓம் இருந்தால் 0.15 வோல்ட் வழியிலேயே காணாமல் போகும். சப்ளை பெட்டி வோல்ட்டேஜை அளந்து சரிசெய்துகொள்ளும் சென்ஸ் ஒயரைச் சிப்பின் சப்ளை காலுக்குப் பக்கத்திலேயே வைத்ததும் கொஞ்சம் ஏறியது. மீதிக்குக் காரணம் அவுட்புட் கெபாசிட்டர். விலை குறைவென்று பர்ச்சேஸ் ஆட்கள் மாற்றியிருந்தார்கள். மதிப்பு அதே, உள்ளிருக்கும் ரெசிஸ்டன்ஸ் வேறு. 0.6 மில்லிமீட்டர் நீளச் சாமான். மைக்ரோஸ்கோப்பின் கீழே சால்டர் வைக்கும்போது தும்மினால் போச்சு. நல்லதை வைத்த பிறகு சிப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

ஜிஎஸ்எம் பழங்கதை என்று யாராவது வருவீர்கள், தெரியும். எல்டிஇ-யில், அதாவது 4ஜி-யில், நிலைமை இன்னும் மோசம். சிக்னல் ஏறி இறங்குவதால் ஆம்ப்ளிஃபையர் பெரும்பாலும் உச்சத்துக்குக் கீழேதான் ஓடும். பி வகுப்பில் வோல்ட்டேஜ் பாதியானால் செயல்திறனும் பாதி. அதனால்தான் சிக்னலுக்கு ஏற்ப சப்ளையையே ஏற்றி இறக்கும் என்வலப் டிராக்கிங் வந்தது. இரண்டு ஆம்ப்ளிஃபையர்கள் ஒரே லோடைப் பகிர்ந்துகொள்ளும் வேறு வழியை டோஹர்ட்டி என்ற இன்ஜினியர் 1936-லேயே காட்டினார்தான். ஆனால் கை ஆன்டெனாவை மூடினால் லோடு மாறும், அந்தச் சமநிலை கெட்டுவிடும். கைபேசிக்கு அது லேசில் ஒத்துவராது.

இதெல்லாம் கல்லூரியில் தெரிந்திருக்க வேண்டியது. எங்கள் லேபில் இந்த மேட்சிங்கையெல்லாம் அளக்கும் நெட்வொர்க் அனலைசர் இருந்தது. வெல்வெட் துணி போர்த்தி, பூட்டிய அலமாரிக்குள். இன்ஸ்பெக்ஷனுக்கு ஆள் வரும் நாளில் மட்டும் வெளியே வரும், நாங்கள் தொட்டால் ஃபைன். பீஸில் லேப் கட்டணம் மட்டும் வருடா வருடம் தவறியதில்லை.

சரி, உங்கள் போர்டில் சென்ஸ் ஒயர் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். சிப்பில் கை வைப்பது அப்புறம்.