அடுத்தடுத்த அறைகளுக்குத் தீத் தெளிப்பான்கள்: நீர்த் தேவையை எப்படிக் கணிப்பது?

கேள்வி: கிளிநொச்சியில் கண்டி வீதியோரமாகப் புடவைக்கடை ஒன்றைக் கட்டுகிறோம். விற்பனை மண்டபம் 12 மீற்றருக்கு 10 மீற்றர். அதன் பின்னால் 8 மீற்றருக்கு 6 மீற்றர் களஞ்சிய அறையும், பக்கத்தில் 5 மீற்றருக்கு 4 மீற்றர் அலுவலக அறையும் வருகின்றன. தீத் தெளிப்பான்களுக்கு (தீயின் வெப்பத்தில் தாமாகத் திறந்து நீரைத் தெளிக்கும் கருவிகள்) வேண்டிய நீரின் அளவை மூன்று அறைகளுக்கும் தனித்தனியே கணித்துக் கூட்ட வேண்டும் என்கிறார் ஒருவர். பெரிய அறையை மட்டும் கணித்தால் போதும் என்கிறார் இன்னொருவர். எது சரி?

பதில்: இரண்டுமே சரியல்ல. ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் தீ மூளும் என்ற எடுகோளிலேயே தெளிப்பான் தொகுதி கணிக்கப்படுகிறது. ஆகவே மூன்று அறைகளின் தேவைகளைக் கூட்டுவது வீண் செலவு. மறுபுறம், வெப்பம் எட்டிய தெளிப்பான்கள் மட்டுமே திறக்கும் என்பதால் (திரைப்படங்களில் காட்டுவதுபோல் எல்லாம் ஒரேயடியாகப் பொழிவதில்லை), வெப்பம் அடுத்த அறைக்குப் போகுமா என்பதைச் சுவரையும் கதவையும் பார்த்தே சொல்ல முடியும். அறையின் பரப்பளவு அதைச் சொல்லாது. 2016 செப்டம்பரில் கிளிநொச்சிப் பொதுச் சந்தையில் மூண்ட தீ கடைக்குக் கடை தாவியதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்க நியமமான என்.எஃப்.பி.ஏ. 13 இரண்டு வழிகளைத் தருகிறது. முதலாவது, அடர்த்தியும் (நிமிடத்துக்கு எத்தனை மில்லிமீற்றர் நீர் விழ வேண்டும் என்பது) பரப்பும் கொண்டு கணிப்பது. தீ எவ்வளவு கடுமையாக எரியக்கூடும் என்பதைக் கொண்டு வகுக்கும் ஆபத்து வகுப்புகளில், விற்பனை நிலையங்கள் சாதாரண ஆபத்தின் இரண்டாம் பிரிவில் அடங்குவதால், நிமிடத்துக்கு 8.1 மில்லிமீற்றர் நீர் 139 சதுர மீற்றர் பரப்பில் விழ வேண்டும். இந்தப் பரப்பு சுவரைப் பொருட்படுத்தாமல் மண்டபத்தையும் களஞ்சியத்தின் ஒரு பகுதியையும் சேர்த்தே அமையலாம். நீர்த் தேவை நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,126 லீற்றர். இரண்டாவது அறைவாரி முறை: தேவை மிகக் கூடிய ஓர் அறையை எடுத்து, அதிலுள்ள எல்லாத் தெளிப்பான்களும் திறந்ததாகக் கொள்வது. ஆனால் நீர் வழங்கப்பட வேண்டிய கால அளவுக்கேனும் அந்த அறையின் சுவர்கள் தீயைத் தாங்க வேண்டும். உங்கள் ஆபத்து வகுப்பில் கதவுகளும் தீத்தாங்கும் கதவுகளாக, தாமாகவே மூடுபவையாக இருக்க வேண்டும். இலகு ஆபத்து அறைகளில் மட்டும் கதவு இல்லாத வாசலுக்கு இடமுண்டு. அப்போதும் வாசலுக்கு மேல் குறைந்தது 200 மில்லிமீற்றர் மேற்சுவர் இறங்கியிருக்க வேண்டும், அடுத்த பகுதியில் அந்த வாசலுக்கு அண்மையிலுள்ள இரண்டு தெளிப்பான்களையும் கணிப்பில் சேர்க்க வேண்டும்.

உங்களுக்கு அறைவாரி முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் மண்டபமே 120 சதுர மீற்றர் என்பதால், அந்த முறையிலும் தேவை 972 லீற்றருக்குக் கீழே இறங்காது. ஏறத்தாழ 150 லீற்றரை மிச்சப்படுத்துவதற்காகத் தீத்தாங்கும் சுவரும் விலைகூடிய கதவுகளும் போட வேண்டிவரும். அவற்றைப் போட்டாலும், சரக்கு ஏற்றி இறக்குகிற நாளில் களஞ்சியக் கதவுக்குக் கல் முண்டு கொடுத்துத் திறந்து வைப்பது நம்மிடையே வழக்கம். அந்தக் கல்லோடு கணிப்பும் போய்விடும்.

அலுவலக அறை தனியாக நின்றால் இலகு ஆபத்து வகுப்பு, 4.1 மில்லிமீற்றர் போதும். ஆனால் நம் கடைகளில் அலுவலகம் பெரும்பாலும் அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் கொண்டு, கூரைக்கு எட்டாமல் மறைக்கப்பட்ட மூலையாகவே இருக்கிறது. அத்தகைய மறைப்பு வெப்பத்தைத் தடுக்காது. அப்போது கூடிய ஆபத்துப் பகுதிக்குரிய அடர்த்தி எல்லையைத் தாண்டி 4.6 மீற்றர் நீள வேண்டும் என்பது விதி. உங்கள் அலுவலகம் ஏறத்தாழ முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். களஞ்சியத்தில் மூட்டைகளை 3.7 மீற்றருக்கு மேல் அடுக்குவதானால் வகுப்பே மாறும். அதை இப்போதே பொறியியலாளரிடம் சொல்லிவிடுங்கள்.

அமுக்கத்தில் சிறிய அறையே முந்தக்கூடும். களஞ்சியத்தில் நான்கு தெளிப்பான்கள் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் 12 சதுர மீற்றர், அதாவது நிமிடத்துக்கு 97 லீற்றர். கே-காரணி 80 கொண்ட (1 பார் அமுக்கத்தில் நிமிடத்துக்கு 80 லீற்றர் விடும்) தெளிப்பானில் ஓட்டம் அமுக்கத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், அதற்கு 1.5 பார் அமுக்கம் வேண்டும். மண்டபத்தில் தெளிப்பானுக்கு 10 சதுர மீற்றராகப் பன்னிரண்டு வைத்தால் ஒன்றுக்கு 1 பார் அளவே போதும். இந்த இரு அறைகளுக்கும் போகும் குழாய்க் கிளைகள் சேரும் சந்தியில் ஓர் அமுக்கமே இருக்க முடியும், கூடியதே நிற்கும். மண்டபக் கிளைக்கு அங்கே 1.6 பாரில் 324 லீற்றர் தேவைப்பட்டு, களஞ்சியத்துக்காகச் சந்தியில் 2.1 பார் நிலவினால், மண்டபக் கிளையில் 371 லீற்றர் ஓடும். குழாயில் ஏற்படும் அமுக்க இழப்பைக் கணிக்கும் ஹேசன்–வில்லியம்ஸ் சமன்பாட்டில் உராய்வு இழப்பு ஓட்டத்தின் 1.85ஆம் அடுக்கில் ஏறுவதால், அந்தக் கிளையில் இழப்பு 29 சதவீதம் கூடும். ஆகவே கணிப்புத் தாளில் சந்திகளைச் சமன்செய்த பக்கம் இல்லையென்றால் அதை ஏற்காதீர்கள்.

ஐரோப்பிய நியமமான ஈ.என். 12845 பெருங்கடைகளுக்கு 5 மில்லிமீற்றரை 216 சதுர மீற்றர் பரப்பில் கேட்கிறது. அதிலிருந்து 5 ஐயும் அமெரிக்க நியமத்திலிருந்து 139 ஐயும் எடுத்து 695 லீற்றர் என்று மலிவாகக் காட்டும் விலைமனு வந்தால், அதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இனித் தொட்டி. அமெரிக்க முறையில் 1,126 லீற்றருக்கு மேல், தெளிப்பான்களிடையே சமமின்மைக்காக 15 சதவீதமும், தீயணைப்புக் குழாய்க்கென 946 லீற்றரும் சேர்த்தால் நிமிடத்துக்கு 2,240 லீற்றர் வரும்; 60 நிமிடங்களுக்கு 134 கனமீற்றர். 8 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலம், 3 மீற்றர் நீராழம் கொண்ட நிலக்கீழ்த் தொட்டி இதைக் கொள்ளும். கூரையிலுள்ள 1,000 லீற்றர் பிளாஸ்டிக் தாங்கி ஒரு நிமிடமும் தாங்காது. 6 மீற்றர் உயரத்தில் அது தரும் அமுக்கமும் 0.6 பார்தான். ஆவணியில் வன்னிக் கிணறுகள் இறங்கிவிடுவதால், கிணற்று ஊற்றைக் கணக்கில் சேர்க்காமல் முழு அளவையும் தொட்டியிலேயே வைத்திருங்கள். மின்சாரம் நின்றாலும் இயங்கும் டீசல் பம்பியை, தீ எட்டாத தனி அறையில், தொட்டியின் நீர்மட்டத்துக்குக் கீழே அமையுங்கள்.