கட்டிய அலமாரி ஒன்றுகூட இல்லாத வீட்டில் சாமான்களை எங்கே வைப்பது?

மூன்று அறை டெரஸ் வீடு (பக்கத்து வீடுகளோடு சுவர் ஒட்டிய வரிசை வீடு), ஆறு பேர், கட்டிய அலமாரி ஒன்றுகூடக் கிடையாது. சுவர் முழுக்க அலமாரி அடிக்கலாமா, கடையில் வாங்கி வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் கோலாலம்பூர் செந்தூலில் அப்படிப்பட்ட வீட்டில்தான் இருக்கிறேன். 20 அடி அகலம், மாடி கிடையாது. அம்மா, நாங்கள் இருவர், பிள்ளைகள் மூவர். அடிப்பதா வாங்குவதா என்பதை அப்புறம் பார்க்கலாம். எந்தச் சுவரில் வைக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

2016-இல் அம்மாவின் அறையில் அலமாரி அடித்தோம். குளியலறைச் சுவரை ஒட்டி, தரையிலிருந்து சீலிங் வரைக்கும், ஒரு விரல் நுழைய இடைவெளி இல்லாமல் அடைத்துக் கொடுத்தார் வேலைக்காரர். 4,200 வெள்ளி (ரிங்கிட்) ஆனது. அறையே புதிதாகத் தெரிந்தது, எங்கள் எல்லாருக்கும் அவ்வளவு சந்தோஷம். தீபாவளி முடிந்து மழைக்காலம் வந்தது. டிசம்பரில் ஒரு கல்யாணத்துக்காக அம்மா அடித்தட்டிலிருந்து தன் கூரைப் புடவையை எடுத்தார். மடிப்பு நெடுகச் சாம்பல் நிறத்தில் பூசணம். பின்பலகையைத் தொட்டால் ஊறிய ரொட்டி மாதிரி அமுங்கியது. அம்மா யாரையும் குறை சொல்லவில்லை. புடவையை நிழலில் விரித்துப் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அந்தக் காட்சி எனக்கு இன்னும் மறக்கவில்லை.

நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் வருடம் முழுக்க ஏறத்தாழ 80 விழுக்காடு இருக்கும். குளியலறை ஓடுகளின் இடுக்கு வழியாக இறங்கும் தண்ணீர், மறுபக்கச் சுவரில் மெல்லக் கசியும். அதன்மேல் பலகையை ஒட்டி அடைத்துவிட்டால் காற்று அசைய வழியில்லை. மரத்தூளை அழுத்திச் செய்யும் சிப்போர்டு அந்த ஈரத்தைக் குடித்து உப்பும். பூசணத்துக்கு இருட்டும் ஈரமும் அசையாத காற்றும் போதும், மற்றதைத் துணி கொடுத்துவிடும்.

ஆகவே இரண்டு அறைகளுக்கு நடுவில் இருக்கும் உள்சுவர்தான் நல்ல இடம். குளியலறைச் சுவர், மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவர் இரண்டையும் தவிர்க்கப் பாருங்கள். சந்தேகம் இருந்தால், இரண்டடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்து உள்பக்கம் நீர்த்துளி நின்றால் சுவர் ஈரம் விடுகிறது என்று தெரிந்துகொள்ளலாம். வேறு சுவரே இல்லை என்றால், பின்னால் இரண்டு அங்குலம் இடைவெளி விட்டு, நான்கு அங்குலக் கால் வைத்து நிறுத்துங்கள். கால் மிக முக்கியம். தினமும் மாப் போடும் தண்ணீர் அடிப்பலகையில் ஏறி ஏறித்தான் பாதி அலமாரிகள் கெடுகின்றன.

எங்கள் பழைய அலமாரியைப் பிரித்துவிட்டு, நடுச்சுவரில் பிளைவுட்டில் மறுபடி அடித்தோம். செலவு கூடுதல்தான், ஆனால் ஈரத்தைச் சிப்போர்டை விட நன்றாகவே தாங்குகிறது. கதவுகளில் மேலும் கீழும் காற்றுப்போக வரிச்சட்டம் வைக்கச் சொன்னோம்.

அளவு விஷயத்தில் ஆழத்தைப் பற்றி யோசிக்காமல்தான் பலர் இடத்தை வீணாக்குகிறார்கள். ஹேங்கரில் தொங்கும் சட்டைக்கு இரண்டடி ஆழம் வேண்டும். மடித்து வைக்கும் பிள்ளைகள் துணிக்கும் போர்வைக்கும் 16 அங்குலம் போதும். எங்கள் சின்ன அறையில் 16 அங்குலத் தட்டுகள் மட்டுமே அடித்ததால் எட்டு அங்குலம் நடைபாதைக்கு மிஞ்சியது. அதனால் அறையில் ஒரு படிக்கும் மேசைக்கே இடம் வந்துவிட்டது. கதவு திறக்கவும் இரண்டடி தேவைப்படும் என்பதால் குறுகிய அறைக்கு இழுக்கும் கதவு போடுங்கள். சட்டைகளுக்கு மட்டும் என்றால் மேலொன்று கீழொன்றாக இரண்டு கம்பிகள். ஒரே அகலத்தில் இரு மடங்கு தொங்கும்.

அப்புறம் தலைக்கு மேலே பாருங்கள். எங்கள் சீலிங் பத்தடி. கடை அலமாரி பெரும்பாலும் ஏழடி உயரம்தான். மேலே மூன்றடி சும்மா இருக்கிறது. பத்தடிச் சுவரில் இரண்டடி ஆழத்துக்குக் கணக்குப் போட்டால் 60 கன அடி. பயணப் பெட்டிகள், தீபாவளி அலங்கார விளக்குகள், வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் முறுக்கு டின்கள் எல்லாம் அங்கே போகலாம். அண்டா, பித்தளைக் குத்துவிளக்கு போன்ற கனமானவற்றை மேலே ஏற்றாதீர்கள். உயரமான அலமாரி எதுவானாலும் சுவரோடு இரும்புப் பட்டை வைத்து முடுக்கிவிடுங்கள். பிள்ளைகள் இழுப்பறையைப் படியாக்கி ஏறுவார்கள். இதில் சோம்பல் வேண்டாம்.

அந்துருண்டையைப் பற்றி ஒரு வார்த்தை. பூச்சியைத்தான் அது விரட்டும், பூசணத்தைத் தடுக்காது. என் கடைசி மகனுக்குப் பிறந்தவுடன் எடுத்த இரத்தப் பரிசோதனையில் ஜி6பிடி குறைபாடு, அதாவது இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது, தெரிந்தது. பல அந்துருண்டைகளில் இருக்கும் நாப்தலீன் அப்படிப்பட்ட குழந்தைகளின் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடக்கூடும். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது இல்லை. உங்கள் வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் தயவுசெய்து நீங்களும் விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாகக் கால்சியம் குளோரைடு போட்ட ஈரம் உறிஞ்சும் டப்பாக்களைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத தட்டில் வைக்கலாம். தண்ணீர் நிரம்பியதும் மாற்ற வேண்டும், மூடிய அலமாரிக்குள் மட்டுமே அது வேலை செய்யும்.

தாழ்வான பகுதியில் வீடு என்றால் பிறப்புப் பத்திரம், வீட்டுப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ் எல்லாம் நெஞ்சு உயரத்துக்கு மேல் இருக்கட்டும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் இருக்கும் என் அக்கா வீட்டில், கட்டிலுக்கு அடியில் இருந்தவை எல்லாம் போயின. கல்யாண ஆல்பமும் அங்கேதான் இருந்தது.

வாடகை வீடு என்றால் எதையும் அடிக்காதீர்கள், போகும்போது கூடவே எடுத்துப் போகக்கூடிய இரும்புத் தட்டுகளும் திரையும் போதும். பிளாட்டில் இருந்தால் வெளி நடைபாதையை ஸ்டோர் ஆக்க வேண்டாம். அது எல்லாருக்கும் பொதுவான இடம், தீப்பிடித்தால் ஓடும் வழியும் அதுதான்.

அடிப்பதா, வாங்குவதா? சொந்த வீடு, உலர்ந்த உள்சுவர் என்றால் அடியுங்கள், சீலிங் வரை இடம் கிடைக்கும். இல்லையென்றால் கால் வைத்த கடை அலமாரி வாங்கி இரண்டு அங்குலம் தள்ளிப் போடுங்கள். குளியலறை எந்த அறையை ஒட்டி இருக்கிறது, ஒவ்வோர் அறையும் எத்தனை அடி என்று கீழே எழுதினால், எந்தச் சுவரில் தொடங்கலாம் என்று நான் சொல்கிறேன்.