நீளமான ஆங்கிலச் சொற்களில் அழுத்தம் எங்கே? கேள்வி பதில்

'ஃபோட்டோகிராஃப்' சரியாக வருகிறது. 'ஃபோட்டோகிராஃபி' மட்டும் தப்பு என்கிறார்களே, ஏன்?

அழுத்தம், அதாவது சொல்லின் ஒரு பகுதியை ஓங்கி ஒலிப்பது, இடம் மாறுகிறது. முதல் சொல்லில் 'ஃபோ' மேல். இரண்டாவதில் அடுத்த அசைக்கு (சிலபிளுக்கு) போய்விடும்: ஃப-டாக்-ர-ஃபி. 'ஃபோ' மங்கி வெறும் 'ஃப' ஆகிவிடும். 'ஃபோட்டோகிராஃபிக்' என்றால் மூன்றாம் அசை. தமிழில் எல்லா உயிரையும் முழுசாக ஒலித்துப் பழகிய நமக்கு இந்த மங்கல்தான் கஷ்டம். ஒரு ரப்பர் பேண்டை இரண்டு கட்டைவிரலிலும் மாட்டுங்கள். 'டாக்' வரும்போது மட்டும் இழுங்கள், மற்ற அசைகளுக்குத் தளர விடுங்கள். என் வகுப்பில் நாலு தரம் இழுத்ததுமே பலருக்குப் பிடிபட்டுவிடும்.

இதற்கு விதி உண்டா?

'இக்', 'இட்டி', 'ஷன்' என முடிந்தால், அதற்கு முந்தைய அசையில் அழுத்தம்: எகனாமிக்கில் 'னா', எலக்ட்ரிசிட்டியில் 'ட்ரி', எஜுகேஷனில் 'கே'. பாலிடிக்ஸ், டெலிவிஷன் இரண்டும் விலக்கு. முதல் அசையிலேயே விழும். 'எஞ்சினியர்' கடைசி அசையில்.

அகராதியில் புள்ளி வைத்துப் பிரித்திருப்பதைப் பார்த்தே உச்சரிக்கலாமா?

கூடாது. பல அமெரிக்க அகராதிகளில் அந்தப் புள்ளி, வரி முடிவில் சொல்லை எங்கே உடைக்கலாம் என்பதற்கு. உச்சரிப்புக்குச் சாய்கோடுகளுக்கு நடுவே பாருங்கள். மேலே நிற்கும் சின்னக் கோட்டுக்கு அடுத்த அசைதான் அழுத்த அசை.

'டெவலப்மென்ட்'?

இரண்டாம் அசை, 'வெ'.

'டெவலப்'?

அதே 'வெ'தான்.

'ஹோட்டல்'?

இரண்டாம் அசை. இனி ஒற்றைச் சொல்லாகக் கேட்காதீர்கள், அகராதியைத் திறங்கள். புள்ளியை அல்ல, கோட்டைப் பாருங்கள்.

சிலபிள் என்பது நம் யாப்பு இலக்கணத்து நேரசை, நிரையசைதானே?

அருமையான கேள்வி, ஆனால் இல்லை. 'மலர்' யாப்பில் ஒரே நிரையசை. சிலபிள் கணக்கில் ம-லர், இரண்டு. ஒலிக்கும் உயிருக்கு ஒன்று என்பது அந்தக் கணக்கு. நம் அசையோ குறில் இணைந்தால் இரண்டு உயிரையும் ஒன்றாகவே கட்டிவிடும்.

அப்படியானால் 'அசை' என்று ஏன் எழுதுகிறீர்கள்?

நியாயமான ஆட்சேபம். புழக்கத்தில் இருப்பதால் எழுதினேன். யாப்பு படித்தவர் குழம்புவார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எழுத்தை விட்டு, காதில் விழும் உயிரை எண்ணுங்கள்: 'கம்ஃபர்டபிள்' பலர் வாயில் கம்ஃப்-ட-பிள், மூன்றுதான்.

'கான்ட்ரவர்ஸி' முதல் அசையா, இரண்டாவதா?

அமெரிக்காவில் முதல். பிரிட்டனில் இரண்டும் கேட்கும்.