தமாலே: அரசர் இல்லாத தலைநகர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் பயணக் குறிப்பொன்றில் வடக்கு கானாவில் உள்ள தமாலே என்ற ஊரை ஒரே வரியில் சொல்லிக் கடந்திருந்தீர்கள். அதைப் படித்த சில நாட்களில் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி வந்தது. "தமாலே" என்பது "தமிழ்" என்ற சொல்லின் திரிபு என்றும், பழந்தமிழ் வணிகர்கள் அங்கே குடியேறியதற்கு அந்தப் பெயரே சான்று என்றும் அதில் எழுதியிருந்தார்கள். இது உண்மையா? வரும் ஜனவரியில் என் மகன் பணி நிமித்தமாக அந்த ஊருக்குச் செல்கிறான். நானும் இரண்டு வாரம் உடன் தங்குவதாக இருக்கிறேன். அது ஒரு மாநிலத்தின் தலைநகர் என்கிறார்கள். அந்த மக்களுக்கு ஓர் அரசர் உண்டு, ஆனால் அவர் அந்த ஊரில் இல்லை என்றும் சொல்கிறார்கள். சற்று விரிவாக எழுத இயலுமா?

ம.செ., ஈரோடு

அன்புள்ள ம.செ. அவர்களுக்கு,

வாட்ஸப் செய்தியில் உண்மை இல்லை. தமாலே மக்களில் பெரும்பான்மையோர் பேசும் மொழி டக்பானி. அதில் "தமா" என்றால் ஷியா மரத்தின் பழம், "யிலி" என்றால் வீடு. ஷியாப் பழங்களின் இருப்பிடம் என்ற பொருளில் தமாயிலி என்று வழங்கிய பெயரே மருவியது என்பது ஊரார் சொல்லும் விளக்கம். அந்த விளக்கத்தை நம்புவதற்குக் காரணமும் உண்டு. நகருக்குள்ளேயே கக்பக்யிலி என்றொரு பகுதி இருக்கிறது, தெற்கே போனால் டட்டோயிலி என்றொரு சிற்றூர் வருகிறது. நம் பக்கத்தில் "பாளையம்" எப்படியோ அப்படி அங்கே "யிலி". ஊர்ப்பெயரின் இரண்டு உறுப்புகளும் அந்த மக்களின் அன்றாடப் பேச்சில் இன்றும் உயிரோடு இருக்கும்போது, பொருள் தேடிக் கடல் தாண்டி நம்மிடம் வர வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. கேட்பதற்கு ஒன்றுபோல் இருக்கும் ஊர்ப்பெயர்களை உலக வரைபடத்தில் தேடிச் சேர்த்து வரலாறு எழுதும் வழக்கம் நம்மிடையே பெருகிவிட்டது; அந்த ஊரில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அப்படி எழுதுவோருக்கு ஏனோ தோன்றுவதில்லை.

உண்மையான உறவு ஒன்று வேண்டுமென்றால், அது தாவரவியலில் இருக்கிறது. ஷியா மரமும் நம் இலுப்பையும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டிலும் விதையை ஆட்டி எண்ணெய் எடுக்கிறோம். அந்த எண்ணெய் குளிர்ந்தால் வெண்ணெய்போல் உறையும். நம் இலுப்பைத் தோப்புகள் கோயில் விளக்கோடு சேர்ந்து மங்கிவிட்டன. ஷியாவோ அந்தப் புல்வெளி நாட்டின் அடுப்படியிலும் சந்தையிலும் இன்றும் கோலோச்சுகிறது. அதை யாரும் தோப்பாக நட்டு வளர்ப்பதில்லை. காட்டை வெட்டி வயலாக்கும்போது மற்ற மரங்களைச் சாய்த்துவிட்டு ஷியாவை மட்டும் விட்டுவைப்பார்கள். அது காய்க்கத் தொடங்க 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும் என்பதால், இன்று காய்க்கும் மரம் எதுவாக இருந்தாலும் முன்பு யாரோ ஒருவர் வெட்டாமல் விட்டதுதான்.

ஷியா வெண்ணெய் எடுப்பது முழுக்கப் பெண்களின் தொழில். மழைக்காலத்தின் முற்பகுதியில், விடிவதற்கு முன்பே வயல்களுக்குப் போய், உதிர்ந்து கிடக்கும் பழங்களைப் பொறுக்கி வருவார்கள். கொட்டையை அவித்து உலர்த்தி, ஓட்டை நீக்கி, பருப்பை இடித்து வறுத்து, ஆலையில் அரைத்தால் சாக்லேட் நிறத்தில் ஒரு விழுது கிடைக்கும். நகருக்கு வெளியே ஒரு கொட்டகையில் அதற்குப் பிந்தைய வேலையைப் பக்கத்தில் அமர்ந்து பார்த்திருக்கிறேன். நடுவயதுப் பெண்மணி ஒருவர் அகன்ற பாத்திரத்தின் முன் அமர்ந்து, கையை முழங்கை வரை விழுதில் விட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தபடி கையாலேயே அடித்துக்கொண்டிருந்தார். நெடுநேரம் எதுவும் மாறவில்லை. பிறகு பழுப்பு நிறம் சட்டென்று வெளிறி, மோரில் வெண்ணெய் திரள்வதுபோல் சாம்பல் வெள்ளையாக நுரைத்து மேலே வந்தது. அந்தக் கணத்தை அவர் கண்ணால் பார்க்கவில்லை, கையால் அறிந்திருந்தார். ஏனென்றால் அப்போது பின்னால் திரும்பி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தவர், பேச்சை நிறுத்தாமலே அடுத்த குடத்துக்குக் கை நீட்டினார். அந்த நுரையை அலசிக் காய்ச்சினால் எண்ணெய் தெளிந்து வரும், ஆறினால் உறையும். அதில் ஒரு பகுதி சந்தைக்குப் போகிறது. கொட்டையாகவும் வெண்ணெயாகவும் ஏற்றுமதியாவதில் பெரும்பங்கு, முகப்பூச்சுக்குப் போவதாக நாம் நினைத்தாலும், உண்மையில் சாக்லேட்டுக்கே போகிறது. கோக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக 5 சதவீதம் வரை சேர்க்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2000ஆம் ஆண்டில் அனுமதித்த ஆறு கொழுப்புகளில் ஷியாவும் ஒன்று. நம் மாங்கொட்டைப் பருப்பின் கொழுப்பும் அந்தப் பட்டியலில் உண்டு.

அரசர் பற்றிய உங்கள் குழப்பத்துக்கு வருகிறேன். அந்த ஊரைப் புரிந்துகொள்வதற்கான திறவுகோலே அதுதான் என்று நான் கருதுகிறேன். தமாலே டகோம்பா மக்களின் டக்பான் அரசுக்குள் இருக்கிறது. அந்த அரசின் தலைவருக்கு யா நா என்று பட்டம். அவர் வீற்றிருப்பது சிங்கத்தோலின் மீது; தெற்கே அசாந்தே நாட்டில் அரசபீடம் மர இருக்கை என்றால், வடக்கே அது விலங்கின் தோல். யா நாவின் ஊர் தமாலேக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள யெண்டி. 1896 டிசம்பரில் அடிபோ என்ற இடத்தில் டகோம்பா படையைத் தோற்கடித்த ஜெர்மானியர் யெண்டியைக் கொளுத்தினார்கள். 1899இல் பிரிட்டனும் ஜெர்மனியும் ஒப்பந்தம் செய்துகொண்டு எல்லைக் கோட்டை வரைந்தபோது, யெண்டி ஜெர்மானியத் தோகோவுக்குள்ளும் மேற்கு டக்பான் பிரிட்டிஷார் பக்கத்திலும் போயின. 1907இல் பிரிட்டிஷார் தங்கள் வடக்குப் பிரதேசத்தின் தலைமையகத்தைக் கம்பாகாவிலிருந்து தமாலேக்கு மாற்றினார்கள். அப்படித் தலைநகரானபோது, அந்த ஊர் எந்த அரசுக்கு உட்பட்டதோ அந்த அரசின் அரசர் வேறொரு பேரரசின் எல்லைக்குள் இருந்தார். 1914இல் ஜெர்மானியத் தோகோ வீழ்ந்த பிறகே இரண்டு பாதிகளும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. 1956ஆம் ஆண்டுப் பொது வாக்கெடுப்புக்குப் பிறகே அந்த இணைப்பு சட்டப்படி முழுமையானது.

ஆகவே தமாலே, தாசில்தாரும் கலெக்டரும் உண்டாக்கிய தலைநகர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கும் பாரம்பரியத் தலைமை இல்லாமல் இல்லை. உண்மையில் ஒன்றுக்கு இரண்டாக இருக்கிறது. யா நாவின் ஆட்சி வரிசையில் வருபவர் குல்க்பே நா. அவரல்லாமல் டக்பேமா என்றொருவர் உண்டு, அந்தச் சொல்லுக்குச் சந்தையின் மூத்தவர் என்று பொருள். அரச வம்சம் வருவதற்கு முன்பே மண்ணுக்கு உரியவர்களாக இருந்த பூசாரிகளின் வழியில் வந்த பதவி அது. ஊரில் யார் பெரியவர் என்பது பற்றி இந்த இரண்டு பக்கங்களுக்கும் இடையே நீண்ட காலமாகப் பிணக்கு உண்டு. விருந்தினராகப் போகிற நீங்கள் அதில் கருத்துச் சொல்லாமல் இருப்பது நல்லது.

கருத்துச் சொல்லக் கூடாத இன்னொன்றும் இருக்கிறது. யெண்டியின் அரசபதவி அபுது, அண்டானி என்ற இரண்டு கிளைகளுக்கும் மாறி மாறிச் செல்வது மரபு. அந்த மரபு குலைந்து பகையாகி, 2002 மார்ச்சில் யா நா இரண்டாம் யாகூபு அண்டானி தம் ஆட்கள் பலரோடு கொல்லப்பட்டார். அசாந்தே அரசரின் தலைமையில் மூன்று மூத்த மன்னர்கள் பல்லாண்டுகள் பேசித் தீர்த்து வைத்த பின்னர், 2019 ஜனவரியில்தான் இரண்டாம் அபுபக்கர் மகாமா புதிய யா நாவாகத் தோலில் அமர்ந்தார். இடைப்பட்ட 17 ஆண்டுகளில் அந்த ஊர் மக்கள் யாரோடு தேநீர் குடிக்கிறோம் என்பதைக்கூட எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். இன்று அமைதி நிலவுகிறது, உங்கள் மகன் அஞ்ச வேண்டியதில்லை.

தலைநகர் என்ற பெயரால் ஊருக்கு உடனே நன்மை விளைந்துவிடவில்லை. பிரிட்டிஷாருக்கு வடக்கு என்பது தெற்கின் தங்கச் சுரங்கங்களுக்கும் கோக்கோத் தோட்டங்களுக்கும் கூலியாள் எடுக்கும் இடம். தெற்கே கேப் கோஸ்ட்டில் ம்ஃபான்ட்சிபிம் பள்ளி 1876இலேயே தொடங்கிவிட்டது. வடக்கின் முதல் மேல்நிலைப் பள்ளி 1951இல்தான் தமாலேயில் வந்தது. இடையில் 75 ஆண்டுகள். கானாவின் பழைய ரயில்பாதை தெற்கே குமாசி நகரோடு நின்றுவிட்டது, இன்றுவரை தமாலே ரயிலைக் கண்டதில்லை. தமாலேயில் உள்ள வளர்ச்சி ஆய்வுகளுக்கான பல்கலைக்கழகமும் 1992இல்தான் நிறுவப்பட்டது. வடக்கின் சிற்றூர்களிலிருந்து நாட்டின் தலைநகரான அக்ராவுக்கும் குமாசிக்கும் போய்த் தலைச்சுமை தூக்கும் இளம்பெண்களைக் கயாயே என்று அழைப்பார்கள். அவர்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகள் தமாலே வழியாகத்தான் இன்றும் போகின்றன.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆண்டில் ஒரே மழைக்காலம். மே முதல் அக்டோபர் வரை பெய்வதை வைத்துத்தான் மற்ற மாதங்களைக் கடத்த வேண்டும். நகருக்கான குழாய் நீர் வெள்ளை வோல்டா ஆற்றிலிருந்து டாலுன் சுத்திகரிப்பு நிலையம் வழியாக வருகிறது. சுற்றியுள்ள ஊர்கள் தேக்கிவைத்த குட்டைகளையே நம்பியிருந்தன, அந்தக் குட்டைகளில்தான் குடிநீர் வழியே உடலுக்குள் புகும் நரம்புச் சிலந்திப் புழு இருந்தது. நம் தாத்தாக்கள் அறிந்த அதே நோய்தான். 1989இல் கானாவில் ஏறத்தாழ 1.8 லட்சம் பேருக்கு அது இருந்தது. குடிநீரைத் துணியில் வடிகட்டுவதை ஊர் ஊராகச் சொல்லிக் கொடுத்ததன் பயனாக 2010இல் கடைசி நோயாளியோடு அது முடிந்தது. ஊசியோ மருந்தோ இல்லாமல், ஒரு முழத் துணியால் ஒழித்த நோய் அது.

இனி பார்ப்பதற்கு உள்ளவை. ஈரோட்டுக்காரரான நீங்கள் தறியைப் பார்க்காமல் திரும்ப மாட்டீர்கள் என்று தெரியும். நான்கு விரல் அகலத்துக்கு நீள நீளமாகத் துணிப்பட்டைகளை நெய்து, அவற்றைப் பக்கம் பக்கமாக வைத்துத் தைத்து, இடுப்புக்குக் கீழே விரிந்து சுழலும் ஒரு மேலங்கியை உருவாக்குகிறார்கள். ஆங்கிலம் பேசுவோர் அதை ஸ்மாக் என்றும் மற்றவர்கள் ஃபுகு என்றும் சொல்வார்கள். 1957 மார்ச் 6 அன்று நாட்டின் விடுதலையை அறிவிக்க மேடையேறிய குவாமே இன்க்ருமா அணிந்திருந்தது இந்த வடக்கத்தி உடைதான். ஒட்டுப்போட்ட தையலை மறைக்காமல் அழகாக்கிய துணி என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

லுங்கா என்ற முரசை உங்களால் கேட்காமல் இருக்க முடியாது, ஏனெனில் வார இறுதியில் எங்காவது ஒரு திருமணம் நடக்கும். பார்வைக்கு அது பெரிய உடுக்கை. அக்குளில் இடுக்கி, நாண்களை அழுத்தித் தளர்த்தி, வளைந்த குச்சியால் அடிப்பார்கள். டக்பானி, ஒலியின் ஏற்ற இறக்கத்தால் பொருள் மாறும் மொழி. ஆகவே முரசு அந்த ஏற்ற இறக்கத்தைப் பிடித்துவிட்டால் கேட்பவர் காதில் சொல்லே விழுந்துவிடும். வாசிப்போர் குடும்ப வழியாக வருகிறவர்கள், அரசர்களின் வம்ச வரலாறு எழுத்துக்கு வருமுன் அவர்கள் நினைவில்தான் இருந்தது. நான் போயிருந்த திருமணத்தில் ஒரு முரசுக்காரர் வருவோர் ஒவ்வொருவருக்கும் அவரவர் பாட்டனாரின் புகழ்ப்பெயரை முரசாலேயே சொல்லி வரவேற்றுக்கொண்டிருந்தார். பெரியவர் ஒருவர் எழுந்து மெல்ல ஆடியபடி வந்து, முரசுக்காரரின் வியர்த்த நெற்றியில் ஒரு நோட்டை ஒட்டிவிட்டுப் போனார். அது கீழே விழும்வரை அவரும் வாசிப்பை நிறுத்தவில்லை.

கலையில் ஈடுபாடு இருந்தால், 1987இல் தமாலேயில் பிறந்த இப்ராகிம் மகாமா உருவாக்கிய இடங்களுக்குப் போய் வாருங்கள். கோக்கோ ஏற்றிய பழைய சணல் சாக்குகளைத் தைத்துக் கட்டடங்களையே போர்த்தி உலகப் புகழ் பெற்றவர் அவர். வந்த பணத்தில் சொந்த ஊரிலேயே கலைக்கூடங்கள் கட்டினார். இன்க்ருமா காலத்தில் தொடங்கி, 1966இல் அவர் ஆட்சி கவிழ்ந்ததும் பாதியில் நின்றுபோன ஒரு பிரம்மாண்டமான கான்கிரீட் தானியக் கிடங்கை வாங்கி, இன்க்ருமா வோலினி என்று பெயரிட்டுத் திறந்து வைத்திருக்கிறார். உள்ளே குடியேறியிருந்த வௌவால்களை அவர் விரட்டவில்லை. ஊருக்கு வெளியே உள்ள ரெட் கிளே வளாகத்தில் ஓய்வுபெற்ற விமானங்கள் நிற்கின்றன, பள்ளிப் பிள்ளைகள் அவற்றினுள் அமர்ந்து பாடம் படிக்கிறார்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். காலையில் கிடைக்கும் கோசே, தட்டைப்பயறை ஊறவைத்து அரைத்துச் சுட்ட வடைதான். சிறுதானியக் கஞ்சியோடு தருவார்கள். இரவில் மாவுக் களியும் கீரைக் குழம்பும். களி உண்டு வளர்ந்தவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஊர் பெரியது. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமாலே மாநகரத்தையும் ஒட்டியுள்ள சக்னாரிகுவையும் சேர்த்து 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். முக்காடிட்ட பெண்கள் மோட்டார் சைக்கிளில் அலுவலகம் போவதையும், தொழுகை நேரத்தில் சாலை ஒரு நிமிடம் அடங்குவதையும் பார்ப்பீர்கள். நீங்கள் ஏறப்போகும் மஞ்சள் மூன்று சக்கர வண்டிக்கு அங்கே "யெல்லோ யெல்லோ" என்று பெயர். பார்த்த உடனே அடையாளம் தெரிந்துவிடும், நம் ஆட்டோதான்.

ஜனவரியில் சகாராவிலிருந்து ஹார்மட்டான் காற்று வீசும். வானம் தூசியால் வெளுத்து, உதடும் குதிகாலும் வெடிக்கும். அப்போது ஷியாப் பழம் இருக்காது, மரம் இலையுதிர்த்துப் பூத்திருக்கும். வெண்ணெய் மட்டும் சந்தையில் ஆண்டு முழுவதும் உண்டு. வந்திறங்கிய முதல் நாளே ஓர் உருண்டை வாங்கிக்கொள்ளுங்கள். விலை கேட்பதற்கு முன் "டசிபா" என்று காலை வணக்கம் சொல்ல வேண்டும். விற்கும் அம்மா "நாஆ" என்று இழுத்துப் பதில் சொல்லி, உங்கள் வீட்டார் நலமா என்று விசாரிப்பார். அந்த விசாரணை முடிந்த பிறகுதான் விலைப் பேச்சு.

அன்புடன்,
ஆசிரியர்