பி-அலை தாமதமானால் முதலில் எலியின் உடல் சூட்டைப் பாருங்கள்
நாகர்கோவில் ஆய்வகத்தில் சுண்டெலிக்கு ஈஆர்ஜி (ஒளி பட்டதும் விழித்திரையில் எழும் மின் சைகையின் பதிவு) எடுக்கும்போது, தொடக்கத்தில் நன்றாக வரும் பி-அலை (அந்தப் பதிவில் மேலே எழும் பெரிய அலை) போகப்போகச் சிறுத்துத் தாமதமாகிறது என்று எழுதியிருந்தீர்கள். மின்முனையை மாற்றும் முன் எலியின் உடல் சூட்டைப் பாருங்கள். கீட்டமின்-சைலசீன் என்ற மயக்க மருந்துக் கலவை தந்த மயக்கத்தில் சுண்டெலியால் சூட்டைக் காக்க முடியாது. உடல் சிறியது, வெப்பம் சீக்கிரம் போய்விடும். நம்மூர் வெயிலை நம்பாதீர்கள், உங்கள் அறையில் ஏசி ஓடுமே! சூடு குறைந்தால் ஒளி ஏற்பிகளின் (விழித்திரையில் ஒளியை உணரும் செல்களின்) வேதிவினைகள் மந்தமாகும். ஏ-அலை (பி-அலைக்கு முன் கீழிறங்கும் அலை), பி-அலை இரண்டும் சிறுத்து, உச்சம் தள்ளிப்போகும். நல்ல விழித்திரையே நோயுற்றதுபோலத் தெரியும். மலக்குடல் வெப்பமானி வைத்து, சூடேற்றும் மெத்தையால் 37 டிகிரி செல்சியஸில் நிறுத்துங்கள். மெத்தையின் சூட்டை மட்டும் பார்த்தால் போதாது. அப்புறம், குளிர்ந்த எலிக்குக் கண்வில்லை தற்காலிகமாக வெளுப்பதுண்டு. அதையும் பதிவு முடிந்ததும் கவனியுங்கள்.