அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் வந்தது தம்பிக்கும் வருமா?

கேள்வி: எங்கள் ஊர் மண்டபம் பக்கம். தாத்தா வாதம் வந்து இரண்டு வருடம் படுக்கையில் கிடந்து இறந்தார். பெரியப்பா 56 வயதில் மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டு ஒரே நாளில் போய்விட்டார். போன வருடம் அப்பாவுக்கு, 58 வயதில், வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பிரஷர் மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர் அவர், பீடியும் உண்டு. என் தம்பிக்கு 31 வயது, விசைப்படகில் தொழிலுக்குப் போகிறான். பிரஷர் பார்க்கக் கூப்பிட்டால், "நம்ம ரத்தத்துலயே இருக்குக்கா, வர்றது வரட்டும்" என்கிறான். மரபணு டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடும் என்று சொந்தக்காரர் ஒருவர் சொல்கிறார். பல ஆயிரம் ரூபாய் ஆகுமாம். எடுக்கலாமா? எனக்கு 35 வயது. இரண்டாவது பிரசவத்தின்போது பிரஷர் ஏறியதைத் தவிர ஒரு தொந்தரவும் இல்லை.
— பெயர் வேண்டாம் என்ற வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, தம்பி சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. பெற்றோரில் ஒருவருக்கு 65 வயதுக்குள் பக்கவாதம் வந்திருந்தால், பிள்ளைகளுக்கும் அந்த வயதுக்குள் வரும் அபாயம் கூடுகிறது. அமெரிக்காவில் ஃபிராமிங்ஹாம் என்ற ஊரில் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்களைக் கவனித்து வருகிறார்கள். அங்கிருந்து 2010-ல் வந்த கணக்குப்படி அது ஏறக்குறைய மூன்று மடங்கு. உங்கள் அப்பாவுக்கு 58-லேயே வந்துவிட்டதால் தம்பியின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு அவர் எடுத்திருக்கும் முடிவு தவறு.

ரத்தத்தில் வருவது என்ன என்று கொஞ்சம் பார்ப்போம். 2022-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில் பக்கவாதம் வந்த 1,10,182 பேரின் மரபணுக்களை, அது வராத பல லட்சம் பேருடைய மரபணுக்களோடு ஒப்பிட்டார்கள். பக்கவாதத்தோடு தொடர்புள்ள 89 இடங்கள் தெரிந்தன. ஒவ்வொரு இடத்திலும் இருக்கும் மாறுபாடு அபாயத்தைக் கூட்டுவது மிகச் சிறிய அளவில்தான். அவற்றில் எது தம்பியிடம் இருக்கிறது என்று தெரிந்தாலும் அதனால் பெரிதாக ஒன்றும் சொல்லிவிட முடியாது. இன்னொரு விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்த மாறுபாடுகளில் பல நேராக மூளையில் போய் வேலை செய்வதில்லை. சில பிரஷரை ஏற்றுகின்றன, சில இதயத் துடிப்பின் சீரைக் குலைக்கின்றன, சில ரத்தம் உறைவதை மாற்றுகின்றன. ஆக, உங்கள் குடும்பத்தில் இறங்கி வருவது பிரஷர் ஏறும் சுபாவமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பிரஷரை அளந்து பார்க்க மரபணு டெஸ்ட் வேண்டாம், கையில் சுற்றும் ஒரு பட்டை போதும்.

பிரிட்டனில் 40 முதல் 73 வயது வரையுள்ள மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சுமார் ஏழு ஆண்டுகள் கவனித்து 2018-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பக்கவாதத்தோடு தொடர்புள்ள 90 மாறுபாடுகளை வைத்து ஆட்களைப் பிரித்ததில், மரபணு அபாயம் அதிகம் உள்ளவர்களுக்கு, குறைவாக உள்ளவர்களைவிட 35 சதவீதம் அதிகமாகப் பக்கவாதம் வந்தது. நூறில் முப்பத்தைந்து பேருக்கு வந்தது என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆயிரத்தில் பத்துப் பேருக்கு வரும் இடத்தில் பதின்மூன்று, பதினான்கு பேருக்கு வருகிறது என்கிற மாதிரிக் கணக்கு அது. புகை, சாப்பாடு, உடல் எடை, உடற்பயிற்சி ஆகியவற்றை வைத்துப் பார்த்தபோது, பழக்கங்கள் மோசமாக இருந்தவர்களுக்கு 66 சதவீதம் அதிகம். மரபணு எப்படி இருந்தாலும் இந்த வித்தியாசம் இருந்தது. அவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதால் இந்த எண்களை அப்படியே நம் ஊருக்குப் பொருத்த மாட்டேன். ஆனால் இந்தியா உட்பட 32 நாடுகளில் நடத்தி 2016-ல் வெளியான வேறொரு ஆய்விலும், பக்கவாதத்தில் பத்தில் ஒன்பது பங்கு மாற்றக்கூடிய பத்துக் காரணங்களோடு சேர்ந்தே வருவதாகத் தெரிந்தது. முதல் இடம் பிரஷருக்கு.

உங்கள் கடிதத்திலும் அதுதான் தெரிகிறது. அப்பா மாத்திரையை நிறுத்தியிருக்கிறார், பீடியும் குடித்திருக்கிறார். பெரியப்பாவுக்கு வந்த மாதிரி மூளைக்குள் ரத்தம் கசிவதற்குப் பெரும்பாலும் காரணம் கட்டுக்குள் இல்லாத பிரஷர். ஒரே வீட்டில் பிறந்தவர்கள் மரபணுவை மட்டுமா பங்கு போட்டுக்கொள்கிறார்கள்? ஒரே சட்டியில்தானே சாப்பிட்டு வளர்கிறார்கள். நம் கடற்கரையில் கஞ்சிக்குக் கருவாடு, ஊறுகாய், அப்பளம் என்று உப்பு பல வழியாக உள்ளே போகிறது. ஒரு நாளைக்கு மொத்தமாக 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாட்டை நன்றாக ஊறவைத்து, தண்ணீரை இரண்டு மூன்று தடவை மாற்றிக் கழுவினால் உப்பு ஓரளவு இறங்கும். அதற்காக அதைத் தினமும் வைக்க வேண்டாம். பச்சை மீனைக் குறைக்கச் சொல்லவில்லை, அது நல்ல சாப்பாடு.

ஒரே ஒரு மரபணுக் கோளாறினாலேயே பக்கவாதம் வரும் குடும்பங்களும் உண்டு, ஆனால் அரிது. காடசில் என்ற நோய் அப்படிப்பட்டது. அதற்குக் காரணமான நாட்ச்-3 மரபணுவை 1996-ல் கண்டுபிடித்தார்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கண்ணில் மின்னல் வெட்டுவதுபோலத் தெரிந்து பிறகு வரும் ஒற்றைத் தலைவலி, பிரஷர் இல்லாமலேயே நாற்பது ஐம்பது வயதில் சின்னச் சின்னப் பக்கவாதம், அப்புறம் ஞாபக மறதி என்று அது போகும். அப்பாவுக்கு எடுத்த ஸ்கேன் படங்களை நரம்பியல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் அவரே மரபணு டெஸ்ட் எழுதித் தருவார், அப்போது எடுப்பதில் அர்த்தம் உண்டு. அவர் சொல்லாதவரை அந்தப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். இரண்டாயிரம் ரூபாய் அளவில் மேல்கையில் கட்டும் பிரஷர் மெஷின் கிடைக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் உதவும்.

தம்பியிடம், "ரத்தத்தில் இருக்கிறது என்பதால்தான் நீ மற்றவர்களைவிட முன்னாடியே பார்க்கணும்" என்று சொல்லுங்கள். படகு கரையில் நிற்கும் நாளில், வந்து உட்கார்ந்து ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள், இரண்டு மூன்று நாள் எழுதி வையுங்கள். மருத்துவரிடம் பார்க்கும்போது திரும்பத் திரும்ப 140/90-ஐத் தாண்டினால் அது பிரஷர் நோய்தான். மேல் எண்ணை 10 புள்ளி இறக்கினாலே பக்கவாத அபாயம் கால் பங்குக்கு மேல் குறைகிறது. மாத்திரை தொடங்க வேண்டிவந்தால், ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறதே, அளவை மருத்துவர் சரிபார்க்க அது தோதான நேரம். அதற்காக அதுவரை தள்ளிப்போட வேண்டாம். பிறகு நன்றாக இருக்கிறது என்று அப்பா செய்தமாதிரி நிறுத்தக் கூடாது. பிரஷர் வலிக்காது, அதனால்தான் எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் தம்பிக்கு மாத்திரை கிடைக்குமா என்று அரசு சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

யாருக்காவது வாய் கோணினாலோ, ஒரு கை துவண்டாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். சி.டி. ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். அடைப்பினால் வந்த பக்கவாதம் என்றால், உறைந்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். புறா ரத்தம் தடவுகிறேன் என்று வருபவர்களிடம் அந்த நேரத்தைக் கொடுத்துவிடாதீர்கள். நடுக்கடலில் வந்தால் அந்த நேரமும் கிடைக்காது என்பதைத் தம்பியிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காதது ஒன்று. பிரசவத்தின்போது பிரஷர் ஏறிய பெண்களுக்குப் பிற்காலத்தில் பிரஷர் நோயும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அப்பாவின் மகள் என்ற கணக்கும் உங்களுக்கு இருக்கிறது. தம்பியைக் கூட்டிப்போகும் அன்று உங்களுக்கும் பாருங்கள், பிரசவ விஷயத்தை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், பிறகு வருடம் ஒருமுறையாவது போங்கள்.