உப்புக் காற்றுக்கும் சப்பைத் தண்ணீருக்கும் தாங்கும் குளியல் தொட்டி எது?

கீழக்கரையில் வீடு கட்டிவரும் வாசகர் ஒருவர், முதல் மாடிக் குளியலறையில் ஐந்தடித் தொட்டி அமைக்க விரும்புவதாகவும், ஆழ்துளைக் கிணற்று நீர் சப்பையாக, அதாவது உப்புக் கரிப்பதாக இருப்பதாகவும் எழுதி, எனாமல் பூசிய எஃகு, வார்ப்பிரும்பு, ஃபைபர், அக்ரிலிக் ஆகிய நான்கில் எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறார்.

அக்ரிலிக்கே என் பரிந்துரை. ஆனால் அந்தப் பெயரில் விற்கப்படுவதெல்லாம் அக்ரிலிக் அல்ல. தொட்டியை ஒருமுறை நிரப்பவே 150 லிட்டர், அதாவது பத்துக் குடம் நீர் வேண்டும். காவிரிக் கூட்டுக் குடிநீரைக் குடத்தில் எண்ணிப் பிடிக்கும் நம் பகுதியில் அதற்குக் கிணற்று நீர்தான் பயன்படும் என்பதால், அந்த நீரை மனத்தில் வைத்தே பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எனாமல் என்பது இரும்பின்மேல் உருக்கி ஒட்டவைத்த கண்ணாடிப் பூச்சு. அது முழுமையாக இருக்கும்வரை உப்புநீரால் கேடில்லை. பித்தளைச் செம்பு கை தவறி விழுந்து மிளகளவு பூச்சு பெயர்ந்தால்கூடப் போதும். நீரிலுள்ள குளோரைடு அந்த இடத்தில் துருவைத் தூண்டிவிட, அது பூச்சுக்கு அடியிலேயே பரவிச் சுற்றிலும் மேலும் பெயர்த்துவிடும். 1914ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பைக் கடற்காற்று படுத்திய பாட்டைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மெல்லிய எஃகுத் தொட்டியை இந்தக் கரையில் நான் யாருக்கும் சொல்வதில்லை.

வார்ப்பிரும்பு தடிமனானது என்பதால் எளிதில் ஓட்டையாகாது. சிக்கல் அதன் எடையில் இருக்கிறது. ஐந்தடித் தொட்டி ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் இடத்தை அடைக்கும். குடியிருப்புத் தளங்களுக்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியக் கட்டடத் தரவிதி வகுத்துள்ள பயன்பாட்டுச் சுமையோ, அதாவது தளத்தின்மேல் வரும் ஆட்கள், பொருள்களின் எடையோ, சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோதான். நீரும் குளிப்பவரும் சேர்ந்தாலே 220 கிலோ ஆகிவிடும்போது, அதன்மேல் நூறு கிலோவைத் தாண்டும் இரும்பையும் ஏற்றுவது உசிதமன்று. அக்ரிலிக் தொட்டி பெரும்பாலும் 40 கிலோவுக்குள் அடங்கும். எதை வாங்கினாலும், கான்கிரீட் போடும் முன்பே கட்டுமானப் பொறியாளரிடம் தொட்டி வரும் இடத்தைச் சொல்லிவிடுங்கள்.

ஃபைபர் தொட்டியின் பளபளப்பு மேலே பூசிய மெல்லிய படலம் மட்டுமே. அது தேய்ந்ததும் உப்புக்கறை ஒட்டிக்கொள்ளும், விரிசல் விட்டால் நீர் உள்ளே இறங்கும். அக்ரிலிக்கில் நிறம் தகடு முழுவதும் ஊடுருவியிருப்பதால், சிறு கீறலைத் தேய்த்து மெருகேற்றிவிடலாம். கடையில் நீர்ப்போக்கித் துளையின் வெட்டு விளிம்பைப் பாருங்கள்: நிறத் தகடும் அதன் பின்னே ஃபைபர் வலுவூட்டலும் தனித்தனி அடுக்காகத் தெரிய வேண்டும். தொட்டியின் அடிப்பகுதியைக் கையால் அழுத்தும்போது அமுங்கினால் வேண்டாம்.

பலர் கவனிக்கத் தவறுவது தொட்டியின் அடியிலிருக்கும் இரும்புச் சட்டம். காற்றோட்டமில்லாத ஈரத்தில் முதலில் துருப்பிடிப்பது அதுதான். உப்பைக் கூடுதலாகத் தாங்கும் 316 தரத் துருவேறா எஃகுச் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) சட்டம் கேளுங்கள். கிடைக்காவிட்டால், உற்பத்தியாளரின் நிறுவல் குறிப்பு அனுமதிக்கும் வகையில் செங்கல் கட்டிச் சாந்துப் படுகையில் தொட்டியை அமர்த்தச் சொல்லுங்கள்.

வெயில் காலத்தில் சூரிய வெந்நீர்க் கலனின் நீர் 60 டிகிரிக்கு மேலும் போகக்கூடும். அது தோலைச் சுடும், அக்ரிலிக்குக்கும் நல்லதன்று. ஆகவே முதலில் குளிர்நீரைத் திறந்து பிறகு வெந்நீரைக் கலக்க வேண்டும். உப்புக்கறையை நீக்க ஆசிட் ஊற்றுவதும் கம்பி நாரால் தேய்ப்பதும் கூடாது. நீர் கலந்த வினிகரில் நனைத்த துணியைச் சிறிது நேரம் போட்டுவைத்துத் துடைத்தால் போதும்.

பக்கவாட்டில் ஓடு பதிக்கும் முன் தொட்டியை நிரப்பி ஒரு நாள் முழுதும் விட்டு, கீழ்த்தளக் கூரையில் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். நீர்ப்போக்கி இணைப்பைப் பின்னால் பழுதுபார்க்க, கை நுழையும் அளவு திறப்பு ஒன்றையும் கொத்தனாரிடம் கேட்டு விட்டுவையுங்கள்.